ஏழையின் மருத்துவச் செலவும் இஸ்ரவேலின் மேய்ப்பரும்

பெரும்பாடுள்ள பெண்ணைப் பற்றி எழுதும் மாற்கு, அவள் மருத்துவர் பலரிடம் தன் கையிருப்பையெல்லாம் செலவிட்டும் குணமடையவில்லை என்பதை விடாமல் குறிப்பிடுகிறார் (மாற். 5:26). நம் பிரசங்கங்களில் இவ்வசனத்தை விரைந்து கடந்து, அவள் ஆண்டவரின் வஸ்திரத்தைத் தொட்ட இடத்திற்குப் போய்விடுகிறோம். மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ கிராமச் சபைகளைக் கவனிக்கும் ஆயர் எவரும் இங்கே சற்று நிற்க வேண்டியவரே. ஆட்டை விற்று, நகையை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி வைத்தியம் பார்த்த குடும்பம் இல்லாத சபை அரிது. நோய் தீர்ந்த பின்னும் கடன் தீர்வதில்லை. ஆகவே, ஏழையின் மருத்துவச் செலவை அரசு ஏற்க வேண்டுமா என்னும் வினா அரசியலாருக்கு மட்டும் உரியதன்று.

நோயுற்றோரைப் பேணுவது சபையின் ஈகைக்கு உரியது, அதை அரசிடம் விட்டால் விசுவாசிகளின் இரக்கம் குன்றிவிடும் என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. நல்ல சமாரியன் தன் கைப்பணத்தைத்தானே கொடுத்தான் என்பர். உண்மையே. ஆனால் அந்த உவமை, பிறன் யார் என்ற கேள்விக்கு விடையாகச் சொல்லப்பட்டது. ஒரு நாட்டின் மருத்துவச் செலவை யார் தாங்குவது என்ற கேள்வி அங்கே எழவில்லை. அதை ஆராய விரும்புவோர் எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்திற்குச் செல்ல வேண்டும். பலவீனமானவற்றைத் திடப்படுத்தவில்லை, நோயுற்றவற்றைக் குணமாக்கவில்லை, எலும்பு முறிந்தவற்றுக்குக் கட்டுப்போடவில்லை என்று அங்கே மேய்ப்பர்மீது குற்றம் சாட்டப்படுகிறது. குருத்துவ அபிஷேக ஆராதனைகளில் இப்பகுதியை வாசித்து வாசித்து, அது நம்மைப் பற்றியதே என்று எண்ணிக்கொண்டோம். பண்டைய கீழ்த்திசை நாடுகளில் மேய்ப்பன் என்பது அரசனுக்கு வழங்கிய பட்டம். தீர்க்கர் முதலில் கடிந்துகொள்வது இஸ்ரவேலின் ஆளுவோரையே. 72ஆம் சங்கீதமும் எளியோரின் உயிரைக் காப்பதை அரசனின் கடமையாகவே வைத்துப் பாடுகிறது.

மேலும், அரசு செலவிடும் பணம் யாருடையது? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கூலியாளும் வரி செலுத்துகிறான். அவனுக்குக் கிடைக்கும் சிகிச்சையைத் தருமம் என்பது பொருந்தாது.

நம் நாடு இதைக் கொள்கையளவில் ஏற்று நெடுங்காலம் ஆயிற்று. கட்டணம் செலுத்த இயலாமை எவருக்கும் மருத்துவத்தை மறுக்கும் காரணமாகக் கூடாது என்று போர் குழு 1946இல் பரிந்துரைத்தது. அவசர சிகிச்சையை உரிய நேரத்தில் அளிக்க அரசு மருத்துவமனை தவறுவது வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல், மேற்கு வங்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. மதுரையில் அந்தக் கொள்கைக்குக் கண்கண்ட உருவம், முதியோர் எர்ஸ்கின் என்றும் பொதுமக்கள் பெரியாஸ்பத்திரி என்றும் சொல்லும் இராஜாஜி மருத்துவமனை. அதன் நெரிசலையும் அழுக்கையும் பழிப்பது எளிது. ஆயினும் நள்ளிரவில் பாம்பு கடித்தவனை இராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் அங்கேதான் கொண்டு வருகிறார்கள்.

2009இல் தமிழக அரசு மற்றொரு வழியைத் தொடங்கியது. அதுவே மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012இல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. ஆண்டு வருமான வரம்பு 2022இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக்கப்பட்டது. இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் இத்திட்டத்தால் உயிர் பிழைத்தோரை நாம் அறிவோம். அதைக் குறைத்துப் பேச மாட்டோம். எனினும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். இது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவுகிறது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் கடையில் வாங்கும் மாத்திரை, ஏழையின் பணத்தைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. அதற்கு இந்த அட்டை பயன்படாது. அடுத்து, பணம் தனியார் மருத்துவமனைகளுக்கும் செல்வதால், அறுவைக்கு இடமுள்ள நோயே அவர்கள் கண்ணுக்கு நோயாகத் தோன்றும் ஆபத்து உண்டு. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கிவருவதும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்வதும், நம் மதிப்பீட்டில், அட்டையைவிட ஏழைக்கு நெருங்கியவை.

அரவிந்த் கண் மருத்துவமனையைச் சிலர் எடுத்துக்காட்டுவர். 1976இல் 11 படுக்கைகளோடு இதே மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அந்நிறுவனம், வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு ஏழைகளுக்கும் பார்வை தருகிறது. அது வியக்கத்தக்கதே. ஆனால் கண்புரை குறுகிய நேரத்தில், முன்கூட்டி நாள் குறித்துச் செய்யக்கூடிய அறுவை. வாழ்நாளெல்லாம் இரத்தச் சுத்திகரிப்பு வேண்டிய சிறுநீரக நோயாளியை அம்முறையில் தாங்க இயலுமா?

மிஷன் மருத்துவமனைகளை நடத்தும் திருச்சபைக்கும் இங்கே கூச்சம் தரும் செய்தி ஒன்று உண்டு. அயல்நாட்டு உதவி வற்றியபின், அவற்றுள் பல கட்டணத்தை நம்பியே நிற்கின்றன. கட்டணச் சலுகை கேட்டு ஆயர் கொடுக்கும் கடிதத்தோடு கணக்கர் முன் நிற்பவர், பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்பவரைவிடக் குனிந்தே நிற்கிறார். குணமாக்குதல் மருத்துவமனைக்கு மட்டுமன்று, சபை முழுமைக்கும் உரிய ஊழியம் என்று 1964இல் டூபிங்கனில் கூடியோர் கூறினர். அதன்பின் உலகத் திருச்சபை மாமன்றம் 1968இல் அமைத்த கிறிஸ்தவ மருத்துவக் குழுவின் சிந்தனை, 1978இல் அல்மா அட்டாவில் உலக நாடுகள் ஏற்ற ஆரம்ப சுகாதாரக் கொள்கைக்கு உரமாயிற்று. அரசு தன் பங்கைச் செய்ய வேண்டும் என்று கேட்கத் திருச்சபை அன்று தயங்கவில்லை.

அரசு செலவை ஏற்றாலும் சபைக்கு வேலை ஒழிந்துவிடாது. காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப அட்டை வேண்டும், வருமானச் சான்று வேண்டும், ஆட்சியர் அலுவலகத்திற்கு நேரில் செல்ல வேண்டும். செங்கற்சூளையில் தங்கி வேலை செய்யும் குடும்பத்திற்கு இவற்றுள் எதுவும் எளிதன்று. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்து அவர்கள் அங்கே போகும்போது உடன் செல்பவர் யார்? வார்டில் துணைக்கு ஆளில்லாத கிழவிக்கு இரவில் தண்ணீர் கொடுப்பவர் யார்? நம் மாணவர்கள் வாரந்தோறும் மருத்துவமனைக்குச் சென்று ஜெபித்து வருகிறார்கள். அடுத்த முறை செல்லும்போது, படுத்திருப்பவரிடம் அட்டை இருக்கிறதா என்றும் கேட்டு வரட்டும்.