"ஆதார் இருக்கா?" - கேட்கலாம், ஆளைப் பார்த்துக் கேட்கக்கூடாது!
டெல்டாவில் நடவு ஆட்களை வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது

தஞ்சாவூர்,

நடவு வந்துவிட்டால் டெல்டா வயல்களில் இப்போது வங்காளப் பேச்சும் கேட்கிறது. உள்ளூரில் ஆள் பற்றாக்குறை. மேற்கு வங்காளத்தில் இருந்து கோஷ்டி கோஷ்டியாக வரும் தொழிலாளர்கள், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நட்டுக் கொடுக்கிறார்கள்.

அவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஆதார் இருக்கா?"

கேட்பதில் தப்பில்லை. ஆனால் "நம்ம ஊரு ஆளு" என்றால் வாய்வார்த்தை போதும், வங்காளம் பேசினால் மட்டும் "ஆதார் செல்லாது, பிறப்பு சர்டிபிகேட் கொண்டா" என்றால்? அது சோதனை அல்ல, பாரபட்சம்!

ஆதார் குடியுரிமைச் சான்று இல்லை என்பது உண்மை. அது வங்காளத்துக்காரருக்கு மட்டுமா? கும்பகோணத்துக்காரருக்கும் அப்படித்தான்!

டெல்லியில் நடந்தது

2025-ம் ஆண்டு ஜூனில், வங்காளதேசத்தவர் என்று சந்தேகித்து டெல்லியில் பிடித்த 6 பேரை நாடு கடத்தினார்கள். "நாங்கள் மேற்கு வங்காளத்துக்காரர்கள்" என்று குடும்பத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த உத்தரவை ரத்து செய்த கல்கத்தா ஐகோர்ட்டு, 4 வாரத்தில் அவர்களைத் திரும்ப அழைத்துவரச் சொன்னது. மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. டிசம்பரில் தாயும் மகனுமாக 2 பேர் திரும்பி வந்தனர்.

கோர்ட்டே இத்தனை மாதம் விசாரிக்கும் விஷயத்தை, வரப்பில் நின்று பேச்சை வைத்துத் தீர்மானிக்க முடியுமா?

பெர்மிட் வேண்டாம்

இந்தியக் குடிமக்கள் எந்த மாநிலத்திலும் குடியிருக்கலாம், தொழில் செய்யலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு. தஞ்சையில் நாற்று நடத் தனி பெர்மிட் கிடையாது.

என்ன செய்யலாம்?

எந்த அட்டையைக் கேட்பது என்று முதலிலேயே முடிவு செய்து, உள்ளூர், வெளியூர் எல்லாரிடமும் அதையே கேட்க வேண்டும்.

வயதை அவசியம் பார்க்க வேண்டும். 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம்.

பெயர், விலாசத்தை எழுதிக்கொண்டு ஒரிஜினலைக் கையோடு கொடுத்துவிட வேண்டும். "அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிடுவான்" என்று கார்டைப் பெட்டியில் பூட்டினால், 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் சிக்க நேரலாம்.

சந்தேகத்தைச் சாக்காக வைத்து, செய்த வேலைக்குக் கூலியை நிறுத்தக்கூடாது.

வளைகுடா போன பிள்ளையின் பாஸ்போர்ட்டை அங்குள்ள முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டால் பெற்றவர்கள் இங்கே எப்படித் துடிப்பார்கள்? வங்காளத்திலும் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.