கனவிலே வந்த கடல்

என் தங்கை மகன் துபாயில் வேலை பார்க்கிறான். சென்ற வருஷம் இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்தவனைப் பார்த்து நாங்கள் பயந்தே போனோம். இருபத்துநாலு வயதுப் பிள்ளைக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம். ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்தால் ஒரு மணி வரை புரளுவான். அசந்து தூங்கினாலும் இரண்டு மணிக்கெல்லாம் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வான்.

எங்கள் பெரியதாழையில் அது தொழிலுக்குப் போகிறவர்கள் எழும்புகிற நேரம். ஆசைப்பட்டு அப்பாவோடு வள்ளத்தில் போனவன், வலை இழுக்கும்போதே கண் சொருகி விழப் பார்த்தானாம். "தூங்காதவன் கடலுக்கு வந்தா அவனுக்கும் ஆபத்து, கூட வாறவனுக்கும் ஆபத்து" என்று தங்கை வீட்டுக்காரர் அவனைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்.

"அலை வந்து மூடுற மாதிரியே கனவு வருது, பெரியம்மா" என்றான். தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அக்கா, இது காத்துக்கறுப்புதான். உவரி அந்தோணியார் கோயில்ல நாலு நாள் தங்க வைப்போம்" என்று அழுதாள்.

துவைக்கிறதுக்காகத் தலையணை உறையை உருவினேன். உள்ளேயிருந்து பேனா மாதிரி ஒரு சாமான் விழுந்தது. மாம்பழ மிட்டாய் வாசனை!

"என்னய்யா இது?"

"வேப், பெரியம்மா. சிகரெட் இல்ல, வெறும் ஆவிதான். தூக்கம் வராட்டி ரெண்டு இழுப்பு இழுப்பேன்."

இதைத்தான் இ-சிகரெட் என்கிறார்கள். துபாயில் விற்க அனுமதி உண்டு. இங்கே தமிழ்நாடு அரசு 2018-லும், மத்திய அரசு 2019-லும் தடை செய்துவிட்டன. ஆனாலும் பெட்டியிலே ஒளிந்து வந்துவிடுகிறது.

டாக்டரம்மா சொன்னது

திருச்செந்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். "ஆவியானால் என்ன, அதிலும் நிக்கோடின்தானே இருக்கு?" என்றார். பீடி எரிந்து முடிந்தால் அணைந்துவிடும். இதற்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. தொண்டையிலும் அவ்வளவாகக் காந்தாது. எத்தனை இழுப்பு என்று இழுக்கிறவனுக்கே கணக்குத் தெரியாது.

இழுத்த சில விநாடிகளில் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறதாம். அட்ரினலினைச் சுரக்க வைத்து, நெஞ்சுத் துடிப்பைக் கூட்டுகிறது. கடுங்காப்பி குடித்துவிட்டுப் படுத்த கதைதான்! சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அது பாதியாகக் குறைந்துவிடும். உடனே பழகிப்போன மூளை "இன்னும் கொடு" என்று எழுப்பிவிடுகிறது. அப்போது ஒரு இழுப்பு இழுத்தால் படபடப்பு அடங்கும். அதைத்தான் நம் பிள்ளை தூக்க மருந்து என்று நினைத்திருக்கிறான்.

சரி, கனவு? தொட்டில் பிள்ளை தூங்கும்போது மூடிய இமைக்குள் கண் அங்குமிங்கும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கும் இப்படி ஒரு கட்டம் உண்டு என்பதை 1953-ல் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. அந்த நேரத்தில் விழிப்புத் தட்டினால் கனவு அப்படியே மனசில் நின்றுவிடும். துண்டு துண்டாகத் தூங்குகிறவனுக்குக் கெட்ட கனவே மிச்சம்.

விட்ட பிறகு வந்த சோதனை

வேப்பை என்னிடம் கொடுத்துவிட்டான். மூன்றாம் நாள் ராத்திரி கனவு முன்னைவிட மோசம். தானே வேப் இழுப்பது போலக் கனவு கண்டு அலறி எழுந்தான். "அக்கா, பிள்ளை படுற பாட்டைப் பார்க்க முடியல, அதைக் குடுத்துடுக்கா" என்று தங்கை கெஞ்சினாள். நானும் மனசு இளகி பீரோ சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். நல்ல வேளை, விடியட்டும் என்று பொறுத்திருந்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கொடுத்துவிடாதீர்கள்! நிக்கோடின் கனவுத் தூக்கத்தை அமுக்கி வைக்கும். நிறுத்தியதும் அது பொங்கி வரும். புகைப்பது போலவே கனவு வருவதும் விட்டவர்களுக்கு சகஜம். சில வாரத்தில் தணிந்துவிடும்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால்:

1. திட்டாதீர்கள். திட்டினால் ஒளித்துத்தான் இழுப்பார்கள்.

2. சாயங்காலத்துக்கு மேல் டீ, காப்பி வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் படுக்கட்டும், ஒரே நேரத்தில் எழும்பட்டும்.

3. நிக்கோடின் பிளாஸ்திரியை டாக்டர் சொல்லித்தான் ஒட்ட வேண்டும். ராத்திரியும் ஒட்டியிருந்தால் சிலருக்குக் கனவு அதிகமாகும். அப்படியானால் படுக்குமுன் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

4. வேப்பில் ஊற்றும் திரவம் குழந்தைகளுக்கு விஷம். வாசனைக்கு மயங்கி வாயில் வைத்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

5. புகையிலையை விட உதவும் இலவச எண் 1800-11-2356. சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை ஆறு மணி வரை தூங்கினான். தங்கை இரண்டு தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்! துபாய்க்குத் திரும்புமுன் அப்பாவோடு ஒரு நாள் கடலுக்கும் போய் வந்தான். உவரிக்கும் போனோம், நேர்ந்துகொண்ட மெழுகுதிரியை ஏற்றி நன்றி சொல்ல.