ஜெயிச்ச ரவுண்டிலும் ஏன் வருத்தம் வருது?

ஃபோமோ என்றால் என்ன என்று நம்ம காலேஜில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மொத்த கிளாஸும் ஐ.வி. கிளம்பிப் போன பிறகு, ஹாஸ்டல் ரூமில் தனியாக உட்கார்ந்து அவங்க ஸ்டேட்டஸைப் பார்க்கும்போது வயிற்றுக்குள் ஒன்று பிசையுமே, அதுதான். "நமக்கு மட்டும் மிஸ் ஆயிடுச்சே" என்கிற உணர்வு. 2013-இல் ஆண்ட்ரூ ப்ரிஸிபில்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதை அளப்பதற்கென்றே 10 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கினார்கள். ஐ.வி. மிஸ் ஆனால் போவது நாலு ஃபோட்டோ. இதே உணர்வு பணம் கட்டி ஆடும் ஆப்புக்குள் வந்தால் கதை வேறு.

ஆன்லைன் சூதாட்டம் என்றாலே "பேராசைப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. பேராசை ஒருத்தரை உள்ளே கூட்டிட்டு வரலாம். அங்கேயே உட்கார வைப்பது, "அப்படிப் பண்ணியிருந்தா கிடைச்சிருக்குமே" என்ற நினைப்பு. அந்த நினைப்பு தானாக வர வேண்டும் என்று ஆப் காத்திருப்பதில்லை. ஸ்க்ரீனிலேயே அதை வரவழைக்கிறது.

இதற்கு ரொம்பத் தெளிவான உதாரணம் ஆப் எல்லாம் வருவதற்கு முன்பே நெதர்லாந்தில் இருக்கிறது. சாதாரண லாட்டரியை எடுத்துக்கோங்க. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் தடை வரும்வரை கடைகடையாகத் தொங்கியதே, அந்த மாதிரி. அதில் நீங்கள் சீட்டு வாங்காவிட்டால், எந்தச் சீட்டு உங்கள் கைக்கு வந்திருக்கும் என்று யாருக்குமே தெரியாது. அதனால் வருத்தப்படவும் ஒன்றும் இல்லை. நெதர்லாந்தில் 1989-இல் தொடங்கிய போஸ்ட்கோட் லாட்டரி அப்படி இல்லை. உங்கள் வீட்டு அஞ்சல் குறியீடுதான் அங்கே சீட்டு எண். உங்கள் தெருவின் குறியீடு விழுந்தால், சீட்டு வாங்கின பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டு ஆன்ட்டி எல்லாருக்கும் பரிசு. வாங்காத உங்களுக்கு இல்லை. வாங்கியிருந்தால் நிச்சயம் கிடைத்திருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும்!

மார்செல் ஸீலன்பெர்க், ரிக் பீட்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். பின்னாடி வருத்தப்பட வேண்டியிருக்குமோ என்ற முன்பயம், போஸ்ட்கோட் லாட்டரி வாங்கும் முடிவில் வேலை செய்கிறது. சாதாரண அரசு லாட்டரியில் அந்த அளவுக்கு இல்லை. எதை இழந்தோம் என்பது கண்ணுக்குத் தெரிவதுதான் இங்கே வித்தியாசம்.

இப்போ நம்ம ஃபோனுக்கு வருவோம். ஏவியேட்டர் மாதிரியான க்ராஷ் கேம்களைப் பார்த்திருப்பீங்க, ரீல்ஸ் நடுவில் விளம்பரமாகவாவது. ஒரு விமானம் மேலே ஏறும். கூடவே 1.2, 1.5, 2 என்று மடங்கும் ஏறும். அது பறந்து மறைவதற்குள் நீங்கள் பணத்தை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பந்தயம் மொத்தமும் போச்சு.

ஏவியேட்டர் தன் ஆர்டிபி, அதாவது கட்டிய பணத்தில் சராசரியாகத் திரும்பி வரும் பங்கு, 97 சதவீதம் என்று சொல்கிறது. நம்ம ப்ராபபிலிட்டி பேப்பர் அளவுக்கு எளிமையாக்கினால், விமானம் ஒரு மடங்கைத் தொடும் வாய்ப்பு 0.97-ஐ அந்த மடங்கால் வகுத்தால் வருவது. 2 மடங்குக்கு 0.485. 10 மடங்குக்கு 0.097. 100 ரூபாய் கட்டி 2 மடங்கில் எடுப்பவருக்கு சராசரியாக வருவது 200-ஐ 0.485-ஆல் பெருக்கினால் 97 ரூபாய். 10 மடங்குக்குக் காத்திருப்பவருக்கு 1000-ஐ 0.097-ஆல் பெருக்கினாலும் அதே 97. எங்கே எடுத்தாலும் 97தான். "ட்ரிக் இருக்கு ப்ரோ" என்று டெலிகிராமில் விற்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

ஆனால் எனக்கு சுவாரஸ்யமாகப் பட்டது அடுத்த கணக்கு. எப்பவும் 2 மடங்கில் எடுத்துவிடுவது என்று கட்டுப்பாடாக ஒருத்தர் 100 ரவுண்டு ஆடுகிறார் என்று வைத்துக்கோங்க. சுமார் 51, 52 ரவுண்டு தோல்வி. மீதி 48, 49-இல் ஜெயிக்கிறார். அவர் பணத்தை எடுத்ததும் ஸ்க்ரீன் மூடுவதில்லை. விமானம் அவர் கண் முன்னாடியே தொடர்ந்து ஏறுகிறது. 2-ஐத் தொட்டது 4-ஐயும் தொடும் வாய்ப்பு சரியாகப் பாதி. அதாவது ஜெயித்த ரவுண்டிலும் சுமார் 24-இல், தான் எடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போவதை அவர் பார்த்தே ஆக வேண்டும். "இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே." தோற்ற ரவுண்டுகளில் "கொஞ்சம் முன்னாடி எடுத்திருக்கலாமே." ஆக, நிம்மதியாக முடியும் ரவுண்டு நூற்றுக்குக் கால்வாசிகூட இல்லை.

எங்க ஹாஸ்டலில் ஒரு ஜூனியர் இதை ஆடிக்கொண்டிருந்தான். எவ்வளவு விட்டே என்று கேட்டால் "தெரியலண்ணா, ஒரு பத்து பன்னெண்டாயிரம் இருக்கும்" என்பான். 1.8-இல் எடுத்த பிறகு விமானம் 60-ஐத் தாண்டிப் போன ஒரு ரவுண்டு மட்டும் அவனுக்குத் துல்லியமாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு என்ன கிழமை, மெஸ்ஸில் என்ன டிபன் என்பது உட்பட. கட்டிய பணம் எக்ஸாம் ஃபீஸ்.

பக்கத்திலேயே மற்ற ஆட்டக்காரர்களின் லிஸ்ட் ஓடும். யார் எத்தனை மடங்கில் எடுத்தார்கள் என்று. மேலே, முந்தைய ரவுண்டுகளின் மடங்குகள். ஒரு ரவுண்டுக்கும் அடுத்ததுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோது அந்த வரிசையால் உங்களுக்கு என்ன பயன்? ஒன்றுமில்லை. நீங்கள் இல்லாத நேரத்தில் ஒரு 80 மடங்கு வந்துபோனது என்று காட்டுவதைத் தவிர.

97 சதவீதம் என்பது கேட்க நல்ல டீல் மாதிரித்தான் இருக்கும். 100 ரூபாய் வீதம் 200 ரவுண்டு ஆடினால் 20,000 ரூபாய் கைமாறுகிறது, சராசரி நஷ்டம் 600. மிஸ் பண்ணின வருத்தத்தில் பந்தயத்தை 500 ஆக்கினால் அதே 200 ரவுண்டுக்கு 3,000. ஃபோமோவால் வாய்ப்பு துளியும் மாறாது. மாறுவது பந்தயத் தொகையும் ரவுண்டு எண்ணிக்கையும்தான். கம்பெனிக்கு வேண்டியதும் அது ரெண்டும்தான்.

ஃபேன்டஸி கிரிக்கெட்டில் இதே வேலையை கேப்டன் செய்தார். கேப்டனுக்கு 2 மடங்கு பாயின்ட், வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை. மேட்ச் முடிந்ததும் "கடைசி நிமிஷத்துல மாத்தினேன்டா" என்று புலம்பாத ஆளே கிடையாது.

அப்புறம் ஸ்க்ரீன்ஷாட். ஒரு கணக்குக்காக வைத்துக்கோங்க: உங்கள் க்ரூப்பில் 40 பேர் ஆடுகிறார்கள், ஒரு நாளில் ஒருவருக்கு நல்ல தொகை விழும் வாய்ப்பு 5 சதவீதம். சராசரியாகத் தினமும் 2 ஸ்க்ரீன்ஷாட் வரும். மீதி 38 பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். பார்ப்பவருக்கு "தினமும் யாராவது அடிக்கிறாங்க, நான் மட்டும் சும்மா இருக்கேன்" என்று தோன்றும். அடுத்த முறை யாராவது ஸ்க்ரீன்ஷாட் போட்டால், அந்த மாத யூபிஐ ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க. கலாய்க்கிறதா நினைப்பாங்க, பரவாயில்லை.

சட்டப்படி நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்நாடு 2022-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்தது. 2025 பிப்ரவரியில் வந்த மாநில விதிகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் இரவு 12 முதல் காலை 5 மணிவரை யாரும் நுழையக் கூடாது என்றன. அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. இதில் எனக்குப் பிடித்தது இந்த நேரக் கட்டுப்பாடுதான். விட்டதைப் பிடிக்கத் தோன்றுவது பெரும்பாலும் ரூம்மேட் தூங்கின பிறகுதானே. அடுத்து 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பெரிய ஃபேன்டஸி ஆப்கள் காசுப் போட்டிகளை நிறுத்தின.

ஆனாலும் டெலிகிராம் லிங்க் வருகிறது, ஏபிகே ஃபைல் வருகிறது, "இன்னும் 10 நிமிஷம்தான் போனஸ்" என்று கவுன்ட்டவுன் வருகிறது. அந்த மாதிரி இடத்தில் 97 என்ற எண்ணுக்குக்கூட யார் உத்தரவாதம்? வம்பு வந்தால் போய்க் கேட்க ஆபீஸும் இருக்காது.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பேங்க் ஆப்பில் யூபிஐயின் தினசரி வரம்பை 500, 1000 என்று குறைத்து வைக்கலாம், ரெண்டு நிமிட வேலை. பணம் ஏமாந்துபோயிருந்தால் 1930-க்கு உடனே அடிங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தூக்கம் போச்சு, வீட்டில் சொல்லப் பயமா இருக்கு என்றால் டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.