பகலில் கண்ணயர்ந்தால் பாவமா?

"பகல்லே படுத்தா வீடு உருப்படுமா?" என்று கேட்டே வளர்ந்தவள் நான். கைக்குழந்தைக்காரி ராத்திரி நாலு தடவை எழுந்தது யார் கணக்கிலும் வராது! வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டால் மட்டும் அதற்குப் பெயர் 'ஓய்வு'.

மின்விளக்குப் புகழ் எடிசன் இதில் கெட்டிக்காரர். கையில் உலோக உருண்டையைப் பிடித்தபடி நாற்காலியில் கண்ணயர்வாராம். பிடி தளர்ந்து உருண்டை 'டணார்' என்று விழும். உடனே விழித்து, மனதில் தோன்றியதைக் குறித்துக்கொள்வாராம். கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். 2021-ல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 103 பேரைச் சேர்த்து எண் கணக்குகள் கொடுத்தார்கள். அதில் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை. நடுவே 20 நிமிஷம் இருட்டில் சாய்ந்திருக்கச் சொன்னார்கள். விழித்தே இருந்தவர்களில் நூற்றுக்கு 30 பேர்தான் வழியைக் கண்டுபிடித்தார்கள். 15 விநாடியாவது லேசாகக் கண்ணயர்ந்து, அதற்குமேல் ஆழ்ந்துவிடாமல் இருந்தவர்களில் 83! ஆழ்ந்து தூங்கியவர்களிலோ வெறும் 14.

அதற்காக ஆழ்ந்த தூக்கம் வீண் என்று நினைக்காதீர்கள். ராத்திரி கண் விழித்த தாய்க்கு அதுதான் மருந்து. குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள், பாத்திரம் காத்திருக்கட்டும்.

மற்றபடி, பிளவுஸ் வெட்டும் கணக்கு இடிக்கிறதா? மாசச் செலவு உதைக்கிறதா? கையில் ஒரு ஸ்பூனோடு, கீழே எவர்சில்வர் தட்டை வைத்துச் சாயுங்கள். (குழந்தை பக்கத்து அறையில் இருந்தால் தட்டு வேண்டாம், அதுவும் எழுந்துகொள்ளும்!) மாமியார் கேட்டால், "யோசனை பண்றேன் அம்மா" என்று சொல்லுங்கள். பொய்யில்லையே!