ஏர்வேவ் வானொலி வலையமைப்பு

ஏர்வேவ் என்பது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றில் காவல்துறை, தீயணைப்புத் துறை, ஆம்புலன்ஸ் சேவை ஆகிய மூன்றும் பகிர்ந்து பயன்படுத்தும் எண்ணியல் வானொலி வலையமைப்பு ஆகும். இது டெட்ரா எனப்படும் ஐரோப்பியத் தரத்தில் இயங்குகிறது. இதற்கு முன்பு ஒவ்வொரு துறையும் தனித்தனி வானொலி அமைப்பை வைத்திருந்தது. பக்கத்து மாவட்டக் காவலருடன் பேசுவதே கடினம். ஆனால் மலிவான ஒரு ஸ்கேனர் கருவி இருந்தால் காவல்துறையின் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்க முடிந்தது. 2000ஆம் ஆண்டில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2005க்குள் காவல்துறை முழுவதும் ஏர்வேவுக்கு மாறியது. மற்ற இரு சேவைகளும் பின்னர் இணைந்தன.

செயல்படும் முறை

ஒரு வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிச் சாளரம் ஒதுக்காமல், காலியாகும் சாளரத்துக்கு வரிசையில் அடுத்தவரை அனுப்புவது போன்றது இதன் அடிப்படை. எந்தத் துறைக்கும் நிரந்தர அலைவரிசை கிடையாது. பொத்தானை அழுத்தும் கணத்தில் காலியாக உள்ள தடம் ஒதுக்கப்படும். ஒரே அலைவரிசை நான்கு நேரக்கூறுகளாகப் பிரிக்கப்படுவதால் அதில் நான்கு பேச்சுகள் நடக்கலாம். அவசரப் பொத்தானை அழுத்துபவருக்கு முன்னுரிமை உண்டு. கோபுரத்தின் தொடர்பு கிட்டாத இடத்தில் இரு கருவிகள் நேரடியாகவும் பேசிக்கொள்ளும். சாதாரணக் கைபேசியால் இதைச் செய்ய முடியாது.

லண்டன், 2005

1987இல் கிங்ஸ் கிராஸ் நிலையத் தீவிபத்தில் 31 பேர் இறந்தபின், நிலத்தடியில் வானொலித் தொடர்பைச் சீராக்க வேண்டும் என விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. 2005 ஜூலை 7 அன்று சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்தபோதும் அது முழுமையாக நிறைவேறியிருக்கவில்லை. போக்குவரத்துக் காவல்துறை தவிர மற்றவர்களின் வானொலி சுரங்கத்தில் சரிவர வேலை செய்யாததால், செய்தியைச் சொல்ல ஆட்கள் மேலும் கீழும் ஓட வேண்டியிருந்தது. சுரங்க நிலையங்களுக்கு ஏர்வேவ் சென்றடைய 2009 ஆனது.

மான்செஸ்டர், 2017

கருவி ஒன்றாக இருப்பதும் ஒன்றாகப் பேசுவதும் வேறு வேறு. ஏர்வேவில் ஒவ்வொரு சேவையும் தன் பேச்சுக் குழுவிலேயே இருக்கும்; மூன்றும் சேர்ந்து பேச, பொதுக் குழு ஒன்றை யாராவது திறக்க வேண்டும். 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கக் குண்டுவெடிப்பில் 22 பேர் கொல்லப்பட்டனர். அன்று வலையமைப்பு இயங்கியது. ஆனால் கட்டுப்பாட்டு அறைகளுக்கான பொதுக் குழு அமைக்கப்படவில்லை என்பதைப் பொது விசாரணை குறைகளில் ஒன்றாகச் சுட்டியது. தீயணைப்பு வீரர்கள் அரங்கை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது.

மாற்றுத் திட்டம்

ஏர்வேவுக்குப் பதிலாக, இ.இ. நிறுவனத்தின் 4ஜி கைபேசி வலையமைப்பைப் பயன்படுத்த 2015இல் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. படங்களும் காணொளியும் அனுப்பலாம் என்பது இதன் கவர்ச்சி. டெட்ராவின் தரவு வேகம் அதற்குப் போதாது. 2019 இறுதிக்குள் ஏர்வேவை மூடுவது திட்டம். 2016இல் மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் ஏர்வேவை வாங்கியது. புதிய திட்டத்திலும் அந்நிறுவனமே முக்கிய ஒப்பந்ததாரர் என்பதால், பழையது நீடிக்க நீடிக்க அதற்கே வருமானம் என்ற விசித்திர நிலை உருவானது. திட்டம் பலமுறை தள்ளிப்போனது. 2022 இறுதியில் மோட்டோரோலா புதிய திட்டத்திலிருந்து விலகியது. ஏர்வேவுக்கான கட்டணம் போட்டிச் சந்தையில் இருக்கக்கூடியதைவிட மிக அதிகம் எனக் கண்ட பிரித்தானியப் போட்டி ஆணையம், 2023இல் அதற்கு உச்சவரம்பு விதித்தது. மூடும் நாள் கடந்த பின்னும் மூன்று சேவைகளும் ஏர்வேவிலேயே தொடர்ந்து பேசிவந்தன.