டக்... டக்... டக்... டிங்!

ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் பேசும்போது உங்கள் மனசு கேன்டீன் பஜ்ஜிக்குத் தாவுகிறதா? கவலை வேண்டாம். அது வியாதி இல்லை, மேனேஜரின் திறமை! தலையில் அடிபட்டவருக்கு மனசு ஓரிடத்தில் நிற்காமல் போவது வேறு சமாசாரம்.

எங்க ஊர் சின்னாளப்பட்டியில், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் என் நண்பர் நாலுவழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தார். (ஹெல்மெட்? வீட்டு ஆணியில் பத்திரமாகத் தொங்கியது.) கொஞ்ச நேரம் மயக்கம். ஸ்கேன் நார்மல். ரெண்டே வாரத்தில் வேலைக்கு வந்துவிட்டார். வினை அப்புறம்தான். கூட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது "அண்ணே, டீ?" என்றால் போச்சு! மறுபடி முதல் வரியிலிருந்து. "ஆளு நல்லாத்தானே இருக்கான்? வேலை செய்யத்தான் வணங்கலை" என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். வேலை போகும் நிலை.

"மாப்ளே, நான் நடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்குடா" என்றார் நண்பர். எனக்குச் சுருக்கென்றது.

நடிப்பில்லை சார். தலை குலுங்கும்போது மூளையின் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. சாதாரண ஸ்கேனில் அது பல சமயம் தெரிவதே இல்லை. புடவை மேலுக்குப் பளபளவென்று இருக்கும், உள்ளே இழை விட்டிருக்கும். அந்த மாதிரி.

சரி, கவனத்தை எப்படி அளப்பது?

எங்க ஊர் நெசவாளியைப் பாருங்கள். தறியின் 'டக் டக்'கை அவர் காது கண்டுகொள்ளவே கொள்ளாது. சத்தம் லேசாக மாறட்டும், கை நின்றுவிடும். சோதனையும் இதே தந்திரம்தான். தலையில் மின்முனைகளை ஒட்டிவிட்டு, காதில் ஒரே மாதிரி சத்தம் போடுகிறார்கள். நடுநடுவே, பத்துக்கு ரெண்டு தடவை, வேறு சத்தம். அதை மட்டும் எண்ண வேண்டும். அந்த 'டிங்' கேட்டுச் சுமார் 300 மில்லி செகண்டில் மூளையில் ஒரு மின் அலை எழும்பும். பெயர் பி-300. 1965-ல் அமெரிக்காவில் சாமுவேல் சட்டன் குழு கண்டு சொன்னது. டார்ச் லைட் செல்லின் 1.5 வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு வாக்கில்தான் அதன் உயரம்! அதனால் பல தடவை 'டிங்' அடித்து, சராசரி எடுக்கிறார்கள். தலைக்காயம் பட்ட பலருக்கு இந்த அலை தாமதமாக வருகிறது, குட்டையாகவும் இருக்கிறது.

பி-300 கோர்ட் படியும் ஏறியிருக்கிறது. இதே அலையைக் குற்றவாளியைப் பிடிக்கப் பயன்படுத்தினார்கள். சம்மதமில்லாமல் யாருக்கும் அந்தச் சோதனை செய்யக்கூடாது என்று செல்வி வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

உடனே "எனக்கு ஒரு பி-300 எடுங்க" என்று கிளம்பிவிடாதீர்கள். வயசு, தூக்கம், சாப்பிடும் மாத்திரை எல்லாமே அலையை மாற்றும். அதை மட்டும் வைத்து ஒருத்தருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆராய்ச்சிக்குத்தான் அதிகம் உதவுகிறது. டாக்டர்கள் இன்றைக்கும் முக்கியமாக நம்புவது எண்களைத் தேடு, எழுத்தை அடி என்கிற பேப்பர்-பென்சில் சோதனைகளைத்தான். பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கென்றே நரம்பு உளவியல் பிரிவு இருக்கிறது. சோதிப்பதோடு, கவனத்தை மீட்கப் பயிற்சியும் தருகிறார்கள்.

அதுவரை ஆபீஸில் செய்யக்கூடியது சுலபம். ஒரு நேரத்தில் ஒரே வேலை, ரேடியோ இல்லாத மூலையில் ஒரு மேஜை, நடுநடுவே பத்து நிமிஷம் ஓய்வு. டீ வேண்டுமா என்பதைக் கூட்டி முடித்த பிறகு கேட்கலாம்.