பஸ் பிரயாணியின் பிராது

டவுன் பஸ்ஸில் தினந்தோறும் போய்வருகிறவர்களுக்குக் குறைகளுக்குப் பஞ்சமில்லை. கைகாட்டியும் நில்லாமல் நிறுத்தத்தைத் தாண்டி நூறடி தள்ளிப் போய் நிற்கும் வண்டி, மீதிச் சில்லறையை டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கும் நேரத்தில் கூட்டத்துக்குள் மறைந்துவிடும் கண்டக்டர், அட்டவணையில் மட்டுமே ஓடுகிற ராத்திரிக் கடைசி டிரிப் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயினும் அந்தக் கோபத்தில் பெரும்பகுதி பக்கத்து டீக்கடையிலேயே ஆறிப்போகிறதே அல்லாமல், அதைக் கேட்டு விசாரிக்கக் கடமைப்பட்ட உத்தியோகஸ்தரின் மேஜையை எட்டுவதில்லை. எட்டுகிற சிலவும் பலனின்றிப் போனால் அதிகாரிகளின் அலட்சியமே காரணம் என்று சொல்லிவிடுகிறோம். என் அபிப்பிராயத்தில், பிராது எழுதப்பட்ட விதத்துக்கும் அதில் கணிசமான பங்கு உண்டு.

வண்டி யாருடையது என்று தெரிந்துகொள்வதே முதற்காரியம். 1972-இல் சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன், மதுரையில் பாண்டியன் என்ற பெயர்களில் தோன்றி, பிறகு பலவாகப் பெருகி, 1997-இல் தலைவர்கள், மன்னர்கள் பெயரையெல்லாம் களைந்துவிட்ட அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இன்று எட்டு. சென்னை நகரத்து வண்டிகள் மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கும், நெடுந்தூர வண்டிகள் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்துக்கும், ஏனையவை விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கும் உரியவை. இவற்றின் மீதான குறைகளைச் சொல்ல 1800 599 1500 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. எழுத்தில் கொடுக்க விரும்புகிறவர்கள் வண்டி புறப்படும் பணிமனையின் கிளை மேலாளருக்கு எழுதி, நிர்வாக இயக்குநருக்கு ஒரு பிரதி அனுப்பலாம். அங்கே அசைவு காணாவிட்டால் முதல்வரின் உதவி மையமான 1100 இருக்கிறது.

'நேற்று மாலை பஸ் நிற்கவில்லை, கண்டக்டர் மரியாதைக் குறைவாகப் பேசினார், தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று ஒருவர் எழுதினால், அதைப் படிக்கும் கிளை மேலாளர் எந்த வண்டியை, எந்த டிரிப்பை, எவரைத் தேடுவார்? அதே மனிதர், தேதியையும், மணி 6.40 என்பதையும், தடம் எண்ணையும், வண்டியின் பதிவு எண்ணையும், நிறுத்தத்தின் பெயரையும், வண்டி எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதையும், கண்டக்டர் உதிர்த்த வார்த்தையைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியேயும் எழுதினால், அன்று அந்த டிரிப்பை எடுத்துச் சென்ற டிரைவரையும் கண்டக்டரையும் பணிமனைக் கணக்கிலிருந்து கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. நிற்காமல் போன வண்டியில் நமக்கு டிக்கெட் ஏது என்று கேட்கலாம். பின்பக்கம் எழுதியிருக்கும் எண்ணைத் திட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஏறிய வண்டியென்றால் மெஷின் டிக்கெட்டே பாதி சாட்சியம். இறங்கியவுடன் கசக்கி எறியாமல் வைத்திருந்தால் போதும். பாக்கிச் சில்லறை எழுதிய டிக்கெட்டுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

மிகைப்படுத்தாமல் எழுதவேண்டும் என்பதற்கு நியாயம் இன்னொன்றும் உண்டு. நம்முடைய கடிதத்தின் பேரில் அந்த ஊழியருக்கு மெமோ போகும். அவர் விளக்கம் எழுதித் தரவேண்டும். குற்றம் ருசுவானால் ஊதிய உயர்வு நிறுத்தப்படுவது வரையில் தண்டனை நீளலாம். கொடுத்த நேரத்துக்குள் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய நிர்ப்பந்தத்தோடு, படிக்கட்டில் தொங்குகிறவர்களையும் சமாளித்து ஓட்டுகிற மனிதரின் மேல், வண்டிகளைக் குறைத்தவர்களுக்குச் சேரவேண்டிய கோபத்தைக் கொட்டுவது தர்மமாகாது.

டிரிப் வெட்டப்படுவதும் வண்டி போதாமல் இருப்பதும் கழகத்தைக் கேட்கவேண்டிய கேள்விகள். அங்கே 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பெரிதும் பிரயோசனப்படும். பத்து ரூபாய் கட்டணத்தோடு, இந்தத் தடத்தில் அனுமதிக்கப்பட்ட டிரிப்புகள் எத்தனை, சென்ற மாதம் நிஜமாக ஓடியவை எத்தனை என்று பொதுத் தகவல் அலுவலரைக் கேட்டால், சாதாரணமாக 30 நாட்களுக்குள் பதில் வந்தாகவேண்டும். அந்தப் பதிலை இணைத்து ஊரார் பலர் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுக்கிற மனுவுக்கு, வெறும் புலம்பலுக்கு இல்லாத கனம் உண்டு.

தனியார் பஸ்ஸும் மினி பஸ்ஸும் என்றால் வழி வேறு. முதலாளியிடம் முறையிடுவதைவிட, வண்டிக்கு பர்மிட் கொடுத்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதுவது மேல். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வசூலித்த கட்டணத்தைக் காட்டும் டிக்கெட் கொடுப்பதையும், கட்டணப் பட்டியலையும் கால அட்டவணையையும் பிரயாணிகள் பார்வையில் வைப்பதையும் பர்மிட்டின் நிபந்தனைகளாக விதிக்கலாம். நிபந்தனையை மீறினால் பர்மிட்டையே ரத்து செய்யவோ தற்காலிகமாக நிறுத்திவைக்கவோ அதிகாரம் இருக்கிறது. டிக்கெட் கொடாமல் காசை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதைச் சில்லறை விஷயமாக எண்ணிவிடக் கூடாது.

பணநஷ்டமோ அவமானமோ நேர்ந்து பரிகாரம் வேண்டுமென்றால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். போக்குவரத்தும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவையே. ஆனால் விலை வாங்காமல் அளிக்கும் சேவையை அது விலக்கிவைப்பதால், கட்டணமில்லாப் பயணம் செய்கிற பெண்கள் கழகத்திடமே முதலில் முறையிடுவது உத்தமம். வக்கீல் இல்லாமல் தாமே ஆஜராகலாம்; சம்பவம் நடந்த இரண்டு வருஷத்துக்குள் மனு செய்யவேண்டும். சேவைக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. டவுன் பஸ் டிக்கெட் அந்த எல்லையை எட்ட இன்னும் சில தலைமுறைகள் ஆகும்.